ஹெரெஸ்ல ஷெர்ரி குடிச்சுப் பழகறது எப்படி: தபாங்கோ, போடேகா, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

விஸ்கி பாட்டில் மேல "ஷெர்ரி காஸ்க்"னு போட்டிருக்கறத நம்மள்ல நிறைய பேர் பாத்திருப்போம், நம்ம பெங்களூர் அம்ருத் கூட ஷெர்ரி பீப்பாய் வெச்சு ஒரு விஸ்கி போடறாங்க. ஆனா ஷெர்ரிங்கற அந்த ஒயின தனியா ஒரு கிளாஸ் ஊத்தி குடிச்சவங்க ரொம்பக் கம்மி. குடிச்சவங்களும் "அது ஏதோ இனிப்பா, இருமல் மருந்து மாதிரி, வெள்ளைக்கார பாட்டிங்க குடிக்கறது"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. வேலை விஷயமா செவில்ல மூணு மாசம் தங்குற வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். அங்கேர்ந்து ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துல ஹெரெஸ். ஸ்பெயினோட தெற்கு மூலையில, காதிஸ் பக்கத்துல இருக்கற ஊரு, ஷெர்ரிங்கற பேரே அந்த ஊர் பேர்லேர்ந்து வந்ததுதான் (அரபுக்காரங்க ஆண்டப்போ ஊரு பேரு ஷெரிஷ், இங்கிலீஷ்காரங்க வாய்ல அது ஷெர்ரி ஆயிடுச்சு). கிட்டத்தட்ட எல்லா வாரக்கடைசியும் அங்கதான் போனேன், அதுல கத்துக்கிட்டத வரிசையா எழுதறேன், ஏன்னா வரிசைதான் இதுல முக்கியம். தப்பான வரிசையில குடிச்சா இந்த ஒயின் பிடிக்காமலே போயிடும்.

படி 1: எப்ப போறது, எப்படி போறது

செவில்லேர்ந்து ரயில் இருக்கு, காதிஸ்லேர்ந்தும் இருக்கு, முக்கால் மணி நேரம்தான். ஊருக்குன்னு சின்னதா ஒரு ஏர்போர்ட்டும் இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து பழைய ஊருக்குள்ள நடந்தே போயிடலாம். கார் வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம், நீங்க குடிக்கப்போறது சாதா ஒயின் இல்ல. 15லேர்ந்து 20 சதவீதம் ஆல்கஹால் இருக்கு, சாதா ஒயின்ல 12, 13தான் இருக்கும். ஸ்பெயின்ல குடிக்கறதுக்கு வயசு 18.

மாசம்னு பாத்தா ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நல்லது. ஜூலை ஆகஸ்ட்ல கிழக்குலேர்ந்து லெவான்தேன்னு ஒரு காத்து அடிக்கும், நம்ம ஊரு அக்னி நட்சத்திரம் மாதிரி வறட்டு அனல், மதியம் தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது. மே மாசம் குதிரைத் திருவிழா, செப்டம்பர்ல திராட்சை அறுவடைத் திருவிழா, கதீட்ரல் முன்னாடி திராட்சைய கால்ல மிதிச்சு முதல் சாறு எடுப்பாங்க. பிப்ரவரி மார்ச்ல ஃப்ளமெங்கோ விழா, 1997லேர்ந்து நடக்குது. எனக்குப் பிடிச்சது நவம்பர் கடைசியும் டிசம்பரும்தான், ஏன்னு கடைசியில சொல்றேன்.

நேரம் ரொம்ப முக்கியம், இதுல நான் ஒரு நாள் முழுசா வீணாக்கிட்டேன். முதல் தடவ ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் போய் எறங்கினேன், ஒரு கடை தெறக்கல, தெருத்தெருவா நடந்து கால் வலிச்சதுதான் மிச்சம், ஒரு சொட்டு ஷெர்ரி குடிக்காம கடைசி ரயில்ல திரும்பிட்டேன். அங்க மதியம் ஒரு மணிக்கு மேலதான் களை கட்டும், நாலு மணி வரைக்கும் ஓடும், அப்புறம் ஊரே தூங்கிடும், திரும்ப ராத்திரி எட்டரைக்கு மேலதான். ஞாயிறு ராத்திரியும் திங்களும் நிறைய எடம் மூடியிருக்கும். அதனால வெள்ளி மதியம் போய் எறங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்ட முடிச்சுட்டுக் கெளம்பற மாதிரி பிளான் பண்ணுங்க.

படி 2: போறதுக்கு முன்னாடி இத மட்டும் தெரிஞ்சுக்கோங்க

ஷெர்ரின்னா ஒரே ஒயின் இல்ல, ஒரு குடும்பம். ஒண்ணு தண்ணி மாதிரி வெளிறி உப்புக் கரிக்கும், இன்னொண்ணு பனைவெல்லப் பாகு மாதிரி கறுப்பா கெட்டியா இருக்கும். இனிப்பில்லாதது கிட்டத்தட்ட எல்லாமே பாலோமினோங்கற ஒரே வெள்ளைத் திராட்சையிலேர்ந்துதான் வருது. இனிப்புக்கு மட்டும் பெத்ரோ ஹிமெனெஸ், மொஸ்கதேல்னு வேற ரெண்டு திராட்சை.

திராட்சை வெளையற மண்ணுக்கு அல்பரீசான்னு பேரு. சுண்ணாம்பு மண்ணு, வெயில்ல பாத்தா கண்ணு கூசற அளவுக்கு வெளுப்பு. அறுவடை முடிஞ்சதும் கொடி வரிசைகளுக்கு நடுவுல சின்னச் சின்னக் குழியா பாத்தி கட்டி வெச்சு குளிர்கால மழைத்தண்ணிய ஓடவிடாம நிறுத்துவாங்க, அந்த மண்ணு பஞ்சு மாதிரி தண்ணிய உறிஞ்சி அடியில சேத்து வெச்சுக்கும், மேல வெயில்ல இறுகி ஓடு மாதிரி ஆயிடும், அந்தச் சேமிப்புலதான் மழையே இல்லாத கோடைய கொடி தாண்டுது.

சரி, ஒரே திராட்சை எப்படி இத்தன ஒயின் ஆகுது? இங்கதான் ஃப்ளோர் வருது. ஸ்பானிஷ்ல பூன்னு அர்த்தம். ஒயின பீப்பாய்ல முழுசா ரொப்ப மாட்டாங்க, 600 லிட்டர் பீப்பாய்ல 500 லிட்டர்தான் ஊத்துவாங்க, மேல காத்துக்கு எடம் விடுவாங்க. அந்த ஒயின் மேல ஈஸ்ட்டு தானா வளந்து, பால் மேல ஆடை படியுமே, அதே மாதிரி படியும். அந்த ஆடை காத்த உள்ள விடாம ஒயின வெளுப்பாவே வெச்சிருக்கும், உள்ள இருக்கற மிச்சச் சர்க்கரையையும் தின்னுடும். ஒயினோட ஆல்கஹால 15 சதவீதத்துல நிறுத்தினா ஆடை வாழும், அது ஃபினோ. 17க்கு மேல ஏத்தினா ஆடை வளராது, ஒயின் நேரா காத்து பட்டு வருஷக்கணக்குல பழுப்பாகி வரும், அது ஓலோரோசோ. மொதல்ல கொஞ்ச வருஷம் ஆடைக்கு அடியில இருந்துட்டு அப்புறம் ஆடை செத்துப்போய் காத்து பட்டு வளந்தது அமோந்தியாதோ.

அடுத்தது சொலேரா. இத புத்தகத்துல படிச்சா கணக்குப் பாடம் மாதிரி குழப்பும், ஆனா நம்ம வீட்டு அடுக்களையில தெனமும் நடக்கறதுதான். நேத்து தயிர்ல கொஞ்சம் எடுத்து வெச்சு இன்னைக்குப் பாலுக்கு உறை ஊத்தறோம்ல, பழசு புதுசுக்கு அதோட குணத்தக் கத்துக் குடுக்குது. அங்க பீப்பாய்ங்கள அடுக்கு அடுக்கா வெச்சிருப்பாங்க. ரொம்ப வயசான ஒயின் இருக்கற வரிசைக்குப் பேரு சொலேரா, பாட்டிலுக்கு அதுலேர்ந்துதான் எடுப்பாங்க, ஒருபோதும் முழுசா காலி பண்ண மாட்டாங்க. எடுத்த அளவுக்கு அதவிடக் கொஞ்சம் இளசா இருக்கறதுலேர்ந்து ரொப்புவாங்க, அதுக்கு அதவிட இளசுலேர்ந்து, இப்படியே மேல போகும். அதனால பாட்டில்ல வருஷம் போட்டிருக்காதேன்னு தேடாதீங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச சொலேரான்னா அந்த முதல் ஒயின்ல துளியூண்டு இன்னும் உங்க கிளாஸ்ல இருக்கும். வயச வேற விதமா போடுவாங்க: வி.ஓ.எஸ்.னா சராசரியா 20 வருஷத்துக்கு மேல, வி.ஓ.ஆர்.எஸ்.னா 30க்கு மேல.

இது போதும். மிச்சத்த கவுண்டர்ல கத்துக்கலாம்.

படி 3: முதல் நாள் மதியம், ஒரு போடேகா

போடேகான்னா ஒயின் வளர்க்கற கூடம். மொதல்ல பெருசா ஒண்ணு பாருங்க, அதுக்கு கோன்சாலெஸ் பியாஸ் சரியான எடம், கதீட்ரலுக்கும் பழைய கோட்டைக்கும் பக்கத்துலயே இருக்கு. 1835ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச மனுஷனுக்கு ஒயினப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவரோட அம்மா வழி மாமா ஹோசேதான் கூட நின்னு சொல்லிக் குடுத்தாரு. ஹோசேவ செல்லமா பெப்பேன்னு கூப்பிடுவாங்க. அந்த நன்றிக்கு அந்த ஃபினோவுக்கே "தியோ பெப்பே"ன்னு பேரு வெச்சாங்க, அதாவது பெப்பே மாமா. உலகத்துல ரொம்ப நல்லா விக்கற ஃபினோ ஒரு தாய்மாமன் பேர்ல இருக்குங்கறது எனக்கு எப்பவுமே ஒரு சந்தோஷம். உள்ள ஒரு எடத்துல தரையில இனிப்பு ஷெர்ரி ஒரு கிளாஸ் வெச்சு, அதுல எலி ஏறிக் குடிக்க ஒரு குட்டி ஏணி சாத்தி வெச்சிருப்பாங்க. பழைய வேலைக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்ச பழக்கம்னு சொல்றாங்க, இன்னைக்கும் விடல.

போடேகாவுக்குள்ள போனதும் ரெண்டு நிமிஷம் கைடு சொல்றத விட்டுட்டு கட்டடத்தப் பாருங்க. கோயில் மண்டபம் மாதிரி ஒசரமான கூரை, ஜன்னல் எல்லாம் எட்டாத ஒசரத்துல, அதுல கோரப்பாய் தொங்கவிட்டிருப்பாங்க, வெளிச்சம் வடிகட்டி வரும், ஈரக்காத்து தங்கும். தரை மண்தரை, வெயில் நாள்ல தண்ணி தெளிப்பாங்க. இதெல்லாம் அழகுக்கு இல்ல, அந்த ஆடை உயிரோட இருக்கறதுக்கு. கடல் பக்கத்துலேர்ந்து வர்ற மேகாத்து ஈரம் கொண்டு வரும், அத உள்ள இழுத்துக்கற மாதிரிதான் கட்டடத்தையே நிறுத்தியிருக்காங்க.

சில போடேகாவுல ஒரு பீப்பாய்க்கு மட்டும் முன்பக்கம் கண்ணாடி போட்டிருப்பாங்க, அத விட்டுடாதீங்க. நான் கிட்டப்போய் மூக்கு கண்ணாடியில இடிக்கற அளவுக்கு நின்னு பாத்தேன். மேல மஞ்சளும் வெளுப்புமா சுருக்கம் சுருக்கமா ஒரு ஆடை, அங்கங்க மடிஞ்சு கெடந்துச்சு, அதுலேர்ந்து செத்த துணுக்குங்க நூல் நூலா பிரிஞ்சு மெதுவா அடிக்கு எறங்கிட்டிருந்துச்சு. அடியில சேறு மாதிரி ஒரு படிவம். நடுவுல ஒயின் அப்படியே வைக்கோல் நெறத்துல தெளிவா நின்னுது. இத்தன வருஷம் இந்த அழுக்குத் தோலுக்கும் இந்தச் சேத்துக்கும் நடுவுல இருந்தும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்குன்னு அங்கயே நின்னுட்டேன், குரூப்பு அடுத்த ரூமுக்குப் போனது கூடத் தெரியல.

பெனென்சியாதோர், அதாவது பீப்பாய்லேர்ந்து ஒயின எடுத்துக் குடுக்கற ஆளு, ஊத்தறதும் அங்கதான் பாப்பீங்க. நீளமா வளையற குச்சி, நுனியில விரல் அளவுக்கு ஒரு கிண்ணம், அத பீப்பாய் வாய்ல சட்டுன்னு விட்டு ஆடைய கலைக்காம கீழேர்ந்து ஒயின எடுத்து, தலைக்கு மேல தூக்கி, இடுப்பு ஒசரத்துல இன்னொரு கையில இருக்கற கிளாஸ்ல ஊத்துவாங்க. நம்ம டீக்கடை மாஸ்டர் ஆத்தறதப் பாத்து வளந்தவங்களுக்கு அந்தக் கையோட கணக்கு உடனே புரிஞ்சிடும்.

ரெண்டாவதா சின்ன போடேகா ஒண்ணு பாருங்க, முன்கூட்டியே எழுதிக் கேட்டு டைம் வாங்கிக்கோங்க. எல் மாயெஸ்த்ரோ சியேரான்னு ஒண்ணு இருக்கு, 1830லேர்ந்து. அத ஆரம்பிச்சவரு பீப்பாய் செய்யற தச்சர். பீப்பாய் அடிக்கறவன் ஒயின் முதலாளி ஆகறதான்னு அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்காரங்க ஒதுக்கப் பாத்திருக்காங்க, அவரு நின்னு ஜெயிச்சுட்டு லேபிள்ல நரி வேட்டைப் படம் போட்டுட்டாரு, வேட்டைக்காரங்க அந்தப் பெரிய மனுஷங்க, கையில சிக்காத நரி அவரு. அந்த லேபிள் இன்னைக்கும் இருக்கு, நான் அந்த பாட்டில காலி ஆனப்புறமும் தூக்கிப் போடல. இன்னொண்ணு, ரொம்ப வயசான ஒயின் மட்டும் குடிச்சுப் பாக்கணும்னா போடேகாஸ் திரதிசியோன். 1998ல ஆரம்பிச்சதுதான், ஆனா உள்ள இருக்கறது பழைய சொலேராங்க, கூடவே கோயா, எல் கிரேகோ எல்லாம் இருக்கற ஓவியத் தொகுப்பு ஒண்ணும் காட்டுவாங்க. வெலை அதிகம்தான்.

ஒரு நாளைக்கு ஒரு போடேகா, மிஞ்சிப்போனா ரெண்டு. மூணாவதுல நாக்கு மரத்துடும், நான் சொல்றேன் கேளுங்க.

படி 4: ராத்திரி, தபாங்கோ

இதுக்குத்தான் இந்த ஊருக்கு வரணும். தபாங்கோன்னா பீப்பாய்லேர்ந்து நேரா ஒயின் ஊத்திக் குடுக்கற பழைய கடை. அந்தக் காலத்துல புகையிலையும் வித்தாங்க, பேரும் அதுலேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. வேலை முடிஞ்சு வர்ற ஆளுங்க நின்னபடியே ஒரு கிளாஸ் போட்டுட்டு, வீட்டுக்கு ஒரு பாட்டில்ல ரொப்பிக்கிட்டுப் போற எடம். நடுவுல நிறைய மூடிப்போச்சு, வயசானவங்க கடைன்னு ஆயிடுச்சு, அப்புறம் ஒரு பத்து பதினஞ்சு வருஷமா இளவட்டம் திரும்ப வர ஆரம்பிச்சு இன்னைக்கு ஊரோட உயிரே இதுதான்.

எல் பசாஹேன்னு ஒண்ணு சாந்தா மரியா தெருவுல, 1925லேர்ந்து இருக்கு, அங்க ஃப்ளமெங்கோ பாட்டும் நடக்கும். சான் பப்லோ தெருவுல அதே பேர்ல ஒண்ணு, ஊர்க்காரங்க நிறைய வருவாங்க. ப்ளதேரோஸ் கொஞ்சம் புது மாதிரி, ஒயின் வகை அதிகம், ஆரம்பிக்கறவங்களுக்கு நல்லது. எல் கித்தரோன் தெ சான் பெத்ரோவுல கித்தாரும் பாட்டும். எல்லாமே நடக்கற தூரம்.

உள்ள போனா மேஜை தேடாதீங்க, நேரா கவுண்டர். ஒரு கிளாஸ் பொதுவா ரெண்டு மூணு யூரோவுக்குள்ள இருக்கும், வயசான ஒயின்னா வெலை கூடும். பல எடத்துல நீங்க குடிச்சதுக்கெல்லாம் கணக்க உங்க முன்னாடியே கவுண்டர் மரத்து மேல சாக்பீஸால எழுதிக்கிட்டே வருவாங்க, கடைசியில கூட்டிச் சொல்லிட்டு ஈரத்துணியால ஒரு இழு இழுத்துத் தொடைச்சிடுவாங்க. அதனால கை முட்டிய பாத்து வைங்க, முத தடவ என் முழுக்கையில பாதி பில்லு ஒட்டிக்கிச்சு, கடைக்காரரு திரும்ப ஞாபகம் வெச்சு எழுதினாரு, ஒரு வார்த்த கோவமா சொல்லல. தனியா போற பொண்ணுங்க யோசிக்கவே வேண்டாம், நான் பாதி நாள் தனியாதான் போனேன், பக்கத்துல நிக்கற பாட்டி ஒருத்தங்க தட்டுலேர்ந்து ஆலிவ் எடுத்துக்கச் சொல்லி நீட்டுவாங்க, பேச்சு அப்படியே ஆரம்பிச்சிடும்.

பாட்டு ஆரம்பிச்சா மட்டும் பேச்ச நிறுத்திடணும். ஹெரெஸ் ஃப்ளமெங்கோ பொறந்த ஊர்ல ஒண்ணு, சாந்தியாகோ, சான் மிகேல்னு ரெண்டு ஜிப்சி பேட்டைங்கள்ல தலைமுறை தலைமுறையா பாடறாங்க. தாளம் போடறேன்னு கைதட்டாதீங்க, புலேரியான்னு ஒரு ஃப்ளமெங்கோ வகை, அதோட தாளம் பன்னெண்டு அட்சரம், நமக்கு லயம் தெரியும்னாலும் அது வேற கணக்கு, தப்பாத் தட்டினா பாடறவங்க மொகம் சுருங்கறது அங்கேர்ந்தே தெரியும்.

படி 5: எந்த வரிசையில குடிக்கறது

வெளுப்புலேர்ந்து கறுப்புக்கு. இனிப்பு கடைசியில. இதுதான் சட்டம், இதுல சமரசம் கெடையாது. நிறைய பேர் பயத்துல மொதல்ல இனிப்பக் கேட்டுடறாங்க, அப்புறம் ஃபினோ வாய்ல வெச்சா சுத்தமா புளிச்ச தண்ணி மாதிரி தெரியும், "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு போயிடுவாங்க.

முதல் கிளாஸ் ஃபினோ. முத வாய் பிடிக்கலன்னா பரவால்ல, எல்லாருக்கும் அப்படித்தான், இனிப்பு துளி கூட இருக்காது. கூட உப்புப் போட்ட வறுத்த பாதாமோ ஆலிவோ கட்டாயம் வெச்சுக்கோங்க. ஒரு பாதாம், ஒரு வாய் ஃபினோ, அப்புறம் திரும்ப பாதாம். மூணாவது தடவ உங்க நாக்குலயே ஏதோ ஒண்ணு தெறக்கும், பச்சை ஆப்பிள், புளிச்ச மாவு வாசனை, ஓரத்துல கடல் உப்பு மாதிரி. மோர், ஊறுகாய், உப்புக் கண்டம்னு வளந்த நாக்குக்கு இது ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்ல.

ஃபினோ ஜில்லுனு இருக்கணும், ஏழு எட்டு டிகிரி. தெறந்த பாட்டில் ஃபிரிட்ஜ்ல வெச்சாலும் ஒரு வாரம்தான் தாங்கும். இத நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பெரிய சதுக்கத்து ஓரமா டூரிஸ்ட்டுங்களுக்குன்னே இருக்கற ஒரு பார்ல எனக்கு வெதுவெதுன்னு, எப்பவோ தெறந்து வெச்ச ஃபினோவ ஊத்திக் குடுத்தாங்க. நெறம் பழுப்படிச்சு, அழுகின ஆப்பிள் வாடை. ஃபினோன்னாலே இதுதான்னு நெனச்சு ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகல. அதனால கூச்சப்படாம கேளுங்க, "உன் ஃபினோ, பியென் ஃப்ரியோ"ன்னா நல்லா ஜில்லுனு ஒரு ஃபினோ, "ரெசியென் அபியெர்தா?"ன்னா இப்பத்தான் தெறந்ததான்னு அர்த்தம். நல்ல கடையில இந்தக் கேள்விக்கு சந்தோஷம்தான் படுவாங்க. "என் ராமா"ன்னு எழுதியிருந்தா வாங்கிக் குடிங்க, அதாவது வடிகட்டறத ரொம்பக் கொறைச்சு, பீப்பாய்ல இருக்கற மாதிரியே பாட்டில்ல அடைச்சது, பெரும்பாலும் வசந்த காலத்துல வரும், வாசனை ரெண்டு மடங்கு.

ரெண்டாவது அமோந்தியாதோ. தேன் நெறம், ஆனா இனிப்பு இல்ல, வறுத்த வேர்க்கடலத் தோலு, பழைய மரப்பெட்டி தெறந்தா வருமே அந்த வாசனை. காளான், கறி சூப்பு, பழைய சீஸ் எல்லாத்தோடயும் போகும்.

மூணாவது ஓலோரோசோ. பேருக்கே "வாசனையானது"ன்னு அர்த்தம். மூந்தா அத்தன இனிப்பா இருக்கும், வாதுமைக்கொட்டை, உலந்த அத்தி, தோல் பெல்ட்டு, வாய்ல வெச்சா சுத்த வறட்டு. அந்த ஏமாத்தத்த எதிர்பாத்தே குடிங்க. மாட்டுக்கறி, வாலு குழம்புன்னு காட்டமான சாப்பாட்டுக்கு இதுதான்.

பாலோ கோர்தாதோன்னு நடுவுல ஒண்ணு கெடச்சா விடாதீங்க. ஃபினோவுக்குன்னு வெச்ச பீப்பாய் ஒண்ணு தன் போக்குல வேற பக்கம் திரும்பினா, மேஸ்திரி அந்தப் பீப்பாய்ல சாக்பீஸால போட்டிருந்த கோட்டுக்குக் குறுக்கா இன்னொரு கோடு போடுவாரு, "வெட்டுப்பட்ட கோடு"ன்னுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். மூக்குக்கு அமோந்தியாதோ, வாய்க்கு ஓலோரோசோ. எனக்கு இந்தக் குடும்பத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான், ராத்திரி கடைசில ஒரு கிளாஸ், ஒரு மணி நேரம் வெச்சுக் குடிப்பேன்.

முடிக்கறதுக்கு பெத்ரோ ஹிமெனெஸ். திராட்சைய வெயில்ல பாய் விரிச்சுக் காயவெச்சு, கிட்டத்தட்ட கிஸ்மிஸ் ஆனப்புறம் பிழியறது. சில பாட்டில்ல லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை இருக்கும். கறுப்பு, கிளாஸ்ல சாச்சா சுவத்துல ஒட்டிக்கிட்டு மெதுவா எறங்கும். பேரீச்சம்பழம், காபி, வெல்லப்பாகு. ஒரு வாய்க்கு மேல தனியா குடிக்க முடியாது, வெனிலா ஐஸ்க்ரீம் மேல ரெண்டு ஸ்பூன் ஊத்திச் சாப்பிடுங்க, அங்கயும் அப்படித்தான் குடுப்பாங்க.

கிரீம் ஷெர்ரின்னு ஒண்ணு பாப்பீங்க, ஓலோரோசோவுல இனிப்பு கலந்தது, இங்கிலீஷ் மார்க்கெட்டுக்காக வளந்த ஸ்டைல். உலகத்துக்கு ஷெர்ரின்னா இனிப்புன்னு ஒரு தப்பான அபிப்பிராயம் வந்ததுக்கு இதுக்கும் பங்கு இருக்கு. நல்லதும் இருக்கு, ஆனா அதுக்காக ஹெரெஸ் வரைக்கும் போகத் தேவையில்ல.

இந்த அஞ்சையும் ஒரே ராத்திரியில முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. அரை கிளாஸ் கேக்கலாம், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணி, கூடவே சாப்பாடு.

படி 6: சாப்பாடு

அசைவம் சாப்பிடறவங்களுக்கு கவலையே இல்ல. சின்ன இறா போட்டு மொறுமொறுன்னு பொரிச்ச தொர்தியீத்தாஸ் தெ கமரோனேஸ், கிட்டத்தட்ட நம்ம இறால் வடைய அடை மாதிரி தட்டினது, ஃபினோவோட அத சாப்பிட்டா அப்புறம் வேற எதோடயும் சாப்பிட மனசு வராது. மோஹாமான்னு உப்புப் போட்டுக் காயவெச்ச சூரை மீனு, மெலிசா சீவி எண்ணெய் விட்டுத் தருவாங்க, கருவாடு பிடிக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். ஷெர்ரியில சமைச்ச கிட்னி, சிச்சரோனேஸ்னு பன்னிக்கறி.

சைவம்னா கொஞ்சம் பேசி வாங்கணும். பாயோயோன்னு அந்த மலைப்பக்கத்து ஆட்டுப்பால் சீஸ், கொண்டக்கடலையும் கீரையும் சேத்து ஜீரகம் போட்ட எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ் (முத வாய்ல வீட்டு ஞாபகம் வந்துடுச்சு எனக்கு), கூனைப்பூ. பெர்சான்னு காய்கறிக் குழம்பு மாதிரி ஒண்ணு இருக்கு, பேரப் பாத்து ஏமாறாதீங்க, பன்னிக்கறி போட்டிருப்பாங்க. தக்காளிச் சாறு மாதிரி வர்ற சல்மொரேஹோ மேல பன்னிக்கறித் தூளும் முட்டையும் தூவி வரும், "சின் ஹமோன்"னு, அதாவது பன்னிக்கறி வேண்டாம்னு சொல்லிடுங்க. கூனைப்பூவும் தண்ணிவிட்டான் தண்டும் வேற எந்த ஒயினோடயும் சேராதுன்னு சமையல்காரங்க சொல்வாங்க, ஃபினோவோட மட்டும் அப்படி ஒரு பொருத்தம். அதனால சைவக்காரங்க இங்க ஒண்ணும் எழக்கல.

படி 7: ஒரு நாள் சான்லூகாருக்கு

பஸ்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள சான்லூகார் தெ பர்ரமேதா. குவாதல்கிவிர் ஆறு கடல்ல சேர்ற எடம். 1519ல மெகல்லன் கப்பலுங்க உலகத்தச் சுத்தக் கெளம்பினது இங்கேர்ந்துதான். இங்க வளர்ற ஃபினோவுக்கு மன்சனியான்னு தனிப் பேரு, ஏன்னா கடலும் ஆறும் ஒட்டி இருக்கறதால ஈரம் அதிகம், ஆடை இன்னும் தடிமனா, வருஷம் பூரா நிக்கும். ஹெரெஸ்ல ஃபினோ குடிச்ச மறுநாளே இங்க மன்சனியா குடிச்சுப் பாத்தாதான் காத்தும் ஈரமும் என்ன பண்ணுதுன்னு நாக்குல புரியும், இன்னும் லேசு, இன்னும் உப்பு. பர்பதீயோ போடேகாவுல மன்சனியாவுக்குன்னே ஒரு மியூசியம் வெச்சிருக்காங்க. பாஹோ தெ கீயான்னு ஆத்தங்கரை ஓரமா மீன் கடைங்க வரிசையா இருக்கும், அரை பாட்டில் மன்சனியாவும் வேகவெச்ச இறாலும் சொல்லிட்டு சூரியன் எறங்கற வரைக்கும் உக்காருங்க. கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு மட்டும் எறங்கும்போதே பாத்துக்கோங்க.

டிசம்பர்ல ஏன்னு சொன்னேன்ல. நவம்பர் கடைசியிலேர்ந்து கிறிஸ்மஸ் வரைக்கும் ஹெரெஸ்ல சம்போம்பான்னு நடக்கும், பானை மேல தோல் கட்டி நடுவுல குச்சி செருகின ஒரு வாத்தியம், அதத் தேச்சா உறுமி மாதிரியே உறுமும், அத நடுவுல வெச்சு தெருவுலயும் முத்தத்துலயும் தபாங்கோவுலயும் வட்டமா நின்னு ஊரே கிறிஸ்மஸ் பாட்டு பாடும், டிக்கெட்டும் கெடையாது மேடையும் கெடையாது பல எடத்துல, ஆறு வயசுப் புள்ளையும் எண்பது வயசு ஆளும் ஒரே பாட்ட ஒரே தாளத்துல பாடறத நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஆனா அந்த வாரக்கடைசிங்கள்ல ரூம் கெடைக்காது, ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடுங்க.

படி 8: ஊருக்கு எடுத்துட்டு வர்றது

இந்தியாவுக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்லாம எடுத்துட்டு வரலாம். ஷெர்ரியில அரை பாட்டில், அதாவது 375 மில்லி நிறைய கெடைக்கும், அது அஞ்சு வாங்கினா 1875 மில்லி, கணக்குக்குள்ள வந்துடும், அஞ்சு வகையும் கெடச்சிடும். ஃபினோ, மன்சனியா வாங்கினா பாட்டில் அடைச்ச தேதி பின்னாடி லேபிள்ல இருக்கான்னு பாருங்க, புதுசா இருக்கணும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல அதத்தான் முடிக்கணும். ஓலோரோசோ தெறந்தாலும் ரெண்டு மாசம் நிக்கும், பெத்ரோ ஹிமெனெஸ் அதுக்கும் மேல. எல்லாத்தையும் ஃபிரிட்ஜ்ல நட்டமா நிக்க வைங்க, படுக்க வைக்க வேண்டாம்.

தபாங்கோவுல பிளாஸ்டிக் பாட்டில்ல ரொப்பிக் குடுக்கற ஒயின ஆசைப்பட்டு பெட்டியில வெக்காதீங்க, அது அந்த ராத்திரிக்கும் மறுநாளுக்கும்தான். அத ரயில்ல செவில் போற வழியில, ஜன்னல் பக்கம் அந்த வெள்ளை மண்ணு மேடுங்க கடந்து போறப்ப, ஒரு கை வறுத்த பாதாமோட குடிச்சு முடிச்சிடுங்க.